சேர்வராயன் மலையில் டிரம் செட்: சொல்லிச் செய்விப்பதா, கடையில் வாங்குவதா?

டிரம் செட் ஒரே வாத்தியம் போலத் தோன்றினாலும், காலால் இயக்கப்படும் பேஸ் டிரம், அடிப்புறத்தில் கம்பிச் சரம் பொருத்திய ஸ்நேர், இரண்டு அல்லது மூன்று டாம்கள், சிம்பல் எனப்படும் உலோகத் தட்டுகள், இவற்றைத் தாங்கும் ஸ்டாண்டுகள் ஆகிய தனித்தனிப் பொருள்களின் தொகுதியே அது. ஆகவே அதைச் சொல்லிச் செய்விக்கலாமா என்ற கேள்விக்கும் முழுத் தொகுதிக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியும் மழையும் சூழ்ந்த சேர்வராயன் மலை ஊரான ஏற்காட்டில் இக்கேள்வி இன்னும் கவனமாக ஆராயப்பட வேண்டும். மலையில் உள்ள ஒரு பள்ளியோ தேவாலயமோ இளைஞர் குழுவோ இம்முடிவை எந்த வரிசையில் எடுப்பது நல்லது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். யமஹா நிறுவனத்தின் ‘ஸ்டேஜ் கஸ்டம்’, ‘டூர் கஸ்டம்’, ‘ரெக்கார்டிங் கஸ்டம்’ ஆகியவை பெயரில் ‘கஸ்டம்’ என்ற சொல்லைத் தாங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாராகும் வகைகளே. சொல்லிச் செய்வித்த செட் என்பது மரம், கட்டை எனப்படும் மர உடலின் கனம், விட்டம், ஆழம், விளிம்பின் வெட்டு, நிறம் ஆகியவற்றை வாங்குபவரே தீர்மானித்து, ஒரு கைவினைஞரிடமோ சிறு பட்டறையிடமோ செய்துவாங்குவதாகும். தவிலையும் மிருதங்கத்தையும் வாசிப்பவரின் கைக்கும் சுருதிக்கும் ஏற்பச் செய்விப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம் என்பதால், இந்த எண்ணமே இங்குப் புதிதன்று.

முதற்படியாக, கடையில் கிடைக்கும் செட்டில் இல்லாத எது தேவைப்படுகிறது என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். ‘நல்ல ஒலி’ என்று எழுதினால் போதாது. ‘சிறுவர்கள் எட்டி வாசிக்க 18 அங்குல பேஸ் டிரம்’, ‘இடம் குறைந்த பாடகர் மேடைக்கு ஆழம் குறைந்த டாம்’ என்று அளவோடு எழுதப்பட வேண்டும். இவ்வாறு எழுதும்போதே பல தேவைகள் கடையிலேயே நிறைவேறிவிடும் என்பது தெரிய வரும், ஏனெனில் 18, 20 அங்குல பேஸ் டிரம் கொண்ட சிறிய செட்டுகளைப் பெரிய நிறுவனங்கள் எல்லாமே விற்கின்றன. நிறம் மட்டுமே குறை என்றால், இருக்கும் செட்டின் மேலுறையை மாற்றுவது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

இரண்டாம் படி, கையில் இருக்கும் செட்டையோ இரவல் வாங்கிய செட்டையோ முழுமையாகச் சீர்செய்து கேட்பது. டிரம்மின் ஒலியில் பெரும்பங்கு ஹெட் எனப்படும் மேல்தோலுக்கும் அது எவ்வளவு சீராக இழுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் உரியது. கட்டை அவ்வொலிக்கு நிறம் சேர்க்கிறதே தவிர அதை உண்டாக்குவதில்லை. எனவே பழைய ஹெட்டுகளைக் கழற்றி, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைப் படல ஹெட்டுகளையோ, தடித்த ஒலி வேண்டுமெனில் இரட்டைப் படல ஹெட்டுகளையோ மாட்டி, எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றி முறுக்கி, ஒவ்வொரு திருகின் அருகிலும் மெல்லத் தட்டிப் பார்த்து ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். சிம்பல்களின் நிலை வேறு: அவற்றைச் சுருதி கூட்ட இயலாது. மலிவான செட்டுகளோடு வரும் பித்தளைத் தட்டுகளை நீக்கி, செம்பும் இருபது விழுக்காடு வெள்ளீயமும் கலந்த வெண்கலத் தட்டுகளை வாங்கினால் கிடைக்கும் மாற்றம், எந்த விலையுயர்ந்த மரக் கட்டையாலும் கிடைக்காது. கையில் உள்ள பணம் இவ்விரண்டுக்கும் போதவில்லையெனில், செய்விக்கும் எண்ணத்தை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, செட் நிற்கப்போகும் அறையைப் பார்க்க வேண்டும். கற்சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய கட்டடங்களில் ஒலி சுவரில் பட்டு நெடுநேரம் சுழல்வதால், 22 அங்குல பேஸ் டிரம் சொற்களையே விழுங்கிவிடும். அங்குச் சிறிய அளவே பொருந்தும். தகரக் கூரையின் கீழ் மழை பெய்யும்போது மென்மையான ஒலிகள் எவையும் கேட்பதில்லை என்பதையும் அளவுகளை முடிவு செய்யுமுன் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காம் படியான மரமும் ஈரமும் பற்றிய ஆய்வே மலைக்கு உரிய தனிச்சிக்கல். பறையின் தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால் அதைத் தீயில் காய்ச்சி வாசிக்கின்றனர். மேற்கத்திய டிரம்மிலும் கன்றுத்தோல் இருந்தவரை இதே தொல்லை இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் பாலியஸ்டர் படலத்தாலான ஹெட்டுகள் வந்தபின் தோல் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் மரக் கட்டை இன்றும் ஈரத்தை உறிஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரத்துக்குள் நிலைபெறும் நீரின் அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு. ஈரப்பதம் 80 விழுக்காடானால் அது 16 விழுக்காட்டை நெருங்கும். இந்த வேறுபாடு கட்டையை எவ்வாறு தாக்கும் என்பது கட்டை செய்யப்பட்ட முறையைப் பொறுத்தது. மெல்லிய மரத்தகடுகளை நார்வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு ஒட்டி வளைத்த பிளைக் கட்டை, ஒரு தகடு பருக்க முயலும்போது மறு தகடு தடுப்பதால், வடிவம் பெரிதும் மாறுவதில்லை. பீப்பாய் போல நெடுக்குப் பட்டைகளை ஒட்டிக் கடையும் பட்டைக் கட்டைக்கு அத்தகைய தடுப்பு இல்லை. ஹெட் தடையின்றி அமர, கட்டையின் வெளிவிட்டம் ஹெட்டின் அளவைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைவாக வைக்கப்படுகிறது. 14 அங்குலப் பட்டைக் கட்டை குறுக்குவாட்டில் முக்கால் விழுக்காடு பருத்தாலே விட்டம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் கூடி, அந்த இடைவெளி முழுவதும் மறையத் தொடங்கும். ஆகவே சேலத்தின் கோடை வெயிலில் செய்யப்பட்டு ஜூன் மாதத்தில் மலையேறும் கட்டை, உட்புறமும் விளிம்பும் உட்பட எல்லாப் பக்கமும் மெருகெண்ணெயால் மூடப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தே ஏற்கப்பட வேண்டும்.

ஏற்காட்டில் சொந்த மரம் வைத்திருப்போர் அதைக் கொண்டே செட் செய்விக்க விரும்புவது இயல்பு. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்பட்டு மிளகுக்கொடி படரும் சில்வர் ஓக் எளிதில் கிடைத்தாலும் மென்மையான மரம். விளிம்பு எளிதில் நசுங்கக் கூடியது என்பதால் தனிப் பட்டைகளாகக் கடைவதற்கு அது ஏற்றதன்று. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் நெடுங்காலம் கைகொடுத்துவரும் பலா அதைவிட மிக நல்ல தேர்வு. எதுவாயினும், மலைப்பகுதியில் மரம் வெட்டுவது 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், அனுமதி முறையாகப் பெறப்பட்டதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். வெட்டிய பலகை ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு வீதம் நிழலில் உலர வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. ஈரமான காற்றில் அது இன்னும் நீளும். விரைவில் செட் வேண்டுமென்போர் இவ்வழியை விட்டுவிடுவதே நன்று.

இவ்வளவும் ஆராய்ந்தபின் பெரும்பாலோர்க்குப் பொருந்தும் முடிவு, பேஸ் டிரம்மையும் டாம்களையும் தொழிற்சாலைப் பிளைக் கட்டையில் வாங்கி, ஸ்நேரை மட்டும் சொல்லிச் செய்விப்பதே. செட்டில் மிகுதியாக அடிக்கப்படுவதும் வாசிப்பவரின் தனித்தன்மை வெளிப்படுவதும் ஸ்நேரில்தான்; அது ஒரே கட்டை என்பதால் செலவும் ஆபத்தும் சிறியவை, ஈரத்தால் பழுதானால் பட்டறைக்குத் திருப்பி அனுப்புவதும் எளிது. சென்னையின் சிவமணி கடம், கஞ்சிரா, உடுக்கை முதலியவற்றைத் தம் செட்டோடு சேர்த்து வாசிப்பதை நோக்கினால், தனித்தன்மை முழு செட்டையும் புதிதாகச் செய்விப்பதால் மட்டுமே வருவதன்று என்பது விளங்கும்.

செய்விப்பதென முடிவானால், பட்டறைக்கு நேரில் சென்று அங்கு முன்பே செய்த ஒரு கட்டையைச் சோதிக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றிய கட்டையைச் சமமான கிரானைட் பலகையின்மேல் கவிழ்த்து, அறை விளக்கை அணைத்து, உள்ளே எரியும் டார்ச்சை வைத்தால், விளிம்பு சமமில்லாத இடத்தில் மெல்லிய ஒளிக்கீற்று வெளியே கசியும். அவ்வாறு கசிந்தால் அந்த டிரம் எத்தனை முறை முறுக்கினாலும் ஒரே சுருதிக்கு வராது. பின்னர் விட்டத்தை இரு குறுக்குத் திசைகளில் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திருகுகள் அங்குலத்துக்கு 24 புரி கொண்ட பொதுவான வகையாக இருக்கட்டும்; அரிதான புரியாயின், ஒரு திருகு தொலைந்தாலும் வாத்தியம் மாதக்கணக்கில் மூலையில் கிடக்க நேரிடும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கும்போது மரத்தின் பெயர், கட்டையின் கனம், விட்டம், ஆழம், விளிம்பின் கோணம், முடிக்கும் தேதி ஆகியவற்றோடு, விலையின் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் கழிந்தபின் தருவதாகவும் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல கைவினைஞர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியே வண்டி ஏறும்போது டிரம்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளாதபடி தனித்தனிப் பெட்டியில் வைக்கப்பட வேண்டும். மேலே வந்து சேர்ந்தபின் ஈரம் தங்கும் துணிப்பையில் மூடிவைக்காமல், சுவரிலிருந்து விலக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, திருகுப் புரிகளில் துருப்பிடிக்காமலிருக்கச் சிறிது எண்ணெய் தடவ வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஹெட்டைக் கழற்றி, கட்டையை மீண்டும் கிரானைட்டின்மேல் கவிழ்த்து, டார்ச்சை உள்ளே வைத்துப் பார்த்து, ஹெட் தடையின்றிச் சுழல்வதையும் கையால் உறுதிசெய்த பிறகே மீதித் தொகையைக் கொடுக்க வேண்டும்.