அடைக்கலங் காத்தல்

பாற்கடலினின்றும் எழுந்த ஆலகால விடத்துக்கு அஞ்சித் தேவர்கள் ஓடிவந்து சரண்புகுந்தபோது, சிவபெருமான் அவ்விடத்தைத் தாமே உண்டு கண்டத்தில் அமைத்தருளினார். அதனால் அவர்க்குத் திருநீலகண்டர் என்னுந் திருநாமம் உண்டாயிற்று. பிறர்க்கு வந்த இடரைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுதலே அருளின் முடிவு என்பதை இச்சரிதம் உணர்த்தும். இறைவனுக்கு நஞ்சினால் வருங் குறைவு யாதுமில்லை. மனிதர் அங்ஙனஞ் செய்யப் புகுந்தாலோ, தம் உயிரையே விலையாகக் கொடுத்தல் நேரும். அதனை நன்கறிந்தும் முன்பின் அறியாதாரைக் காத்தவர் உலகில் உளர். அவருள் ஒரு மலையூராரைப் பற்றி இங்கே எழுதப் புகுகின்றோம். மாணாக்கருக்கு அருளுடைமையைப் போதிக்கும் உபாத்தியாயர்களுக்கு இச்சரித்திரம் பெரிதும் பயன்படும்.

பிராஞ்சு தேசத்தின் தென்மத்திய பாகத்திலே, கடன்மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில், லெ ஷாம்போன் என்னும் ஊர் உளது. மாரியிலே பனி மூடும் அவ்விடத்து மக்களுட் பலர் அக்காலத்திற் சிறு கமக்காரராயிருந்தனர். அவர்கள் புரட்டஸ்தாந்து சமயத்தவராயிருந்தனர். அத்தேசத்தாருட் பெரும்பாலாரோ அக்காலத்திற் கத்தோலிக்கராயிருந்தனர். 1685ஆம் ஆண்டிலே பதினான்காம் லூயி அரசன் புரட்டஸ்தாந்தருக்கு முன்னே அளிக்கப்பட்ட உரிமையை நீக்கினான். அவர்கள் கோயில்கள் இடிக்கப்பட்டன. குருமார் நாடு கடத்தப்பட்டனர். 1787ஆம் ஆண்டு வரையும் அவர்கள் தம் வழிபாட்டை மறைவாகவே நடத்தினர். தேடப்பட்ட குருமாரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்தனர். அந்நினைவு பாட்டன் வாயிலாகப் பேரனுக்கு வந்துகொண்டேயிருந்தது.

1940ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பிராஞ்சு தேசம் ஜேர்மனியருக்குத் தோற்றது. விஷி நகரில் அமைந்த புதிய அரசாங்கம் அவ்வாண்டிலேயே யூதருடைய உரிமைகளைப் பறிக்குஞ் சட்டம் வகுத்தது. 1942ஆம் ஆண்டு யூலை மாதம் 16ஆம், 17ஆந் திகதிகளிலே பாரிசு நகரில் ஏறக்குறைய 13,000 யூதர் பிடிக்கப்பட்டனர். அவருள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பிடித்தவர் அத்தேசத்துக் காவற்படையினரே. பிடிபட்டவருட் பெரும்பாலார் மீண்டாரல்லர்.

லெ ஷாம்போனிலே ஆந்திரே துரொக்மே என்பவரும் எதுவார் தெய்ஸ் என்பவருங் குருமாராயிருந்தனர். இவ்விருவரும் 1938ஆம் ஆண்டிலே அங்கு ஒரு பாடசாலையும் தாபித்திருந்தனர். தேசந் தோற்ற சில நாட்களுள், கொடுமைக்கு உடன்படலாகாது, ஆன்ம பலத்தையே ஆயுதமாகக் கொண்டு எதிர்த்து நிற்றல் வேண்டும் என்று தம் சபையாருக்கு அவர்கள் போதித்தனர். அதன்பின் வந்த மாரிகாலத்திலே, ஜேர்மனியினின்றும் தப்பிவந்த ஒரு யூதப் பெண் துரொக்மேயின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவியாராகிய மக்தா கதவைத் திறந்து, அவளை உள்ளே அழைத்து, உணவளித்தார். அவளுக்குப்பின் வந்தோர் பலர். ஊரவர் தத்தம் வீடுகளிலும், கமங்களிலும், மாணாக்கர் விடுதிகளிலும் அவர்களை ஏற்றுக்கொண்டனர். குழந்தைகளைப் பாடசாலையிற் சேர்த்தனர். வேற்றுப் பெயரிட்ட அடையாளப் பத்திரங்களும் பங்கீட்டு அட்டைகளும் செய்து கொடுத்தனர். காவலர் வருஞ் செய்தி தெரிந்தவுடன் அடைக்கலம் புகுந்தோர் காட்டுக்குள் அனுப்பப்பட்டனர்.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே அரசாங்கத்து அதிகாரி ஒருவர் அவ்வூருக்கு வந்தபோது, மூத்த மாணாக்கர் சிலர் பாரிசில் நடந்த கொடுமையைக் கண்டித்தும், தம்மிடையே யூதர் உளர், தாம் அவரை வேறாக எண்ணுவதில்லை என்று அறிவித்தும் ஒரு கடிதங் கொடுத்தனர். சிலநாட் கழித்துக் காவலர் வண்டிகளோடு வந்து, யூதரின் பெயர்ப் பட்டியைத் தரும்படி துரொக்மேயைக் கேட்டனர். அவர் கொடுக்க மறுத்தார். 1943ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்திலே அவரும், தெய்சும், அவ்வூர் அரசினர் பாடசாலைத் தலைமையாசிரியராகிய ரொஜே தார்சிசாக்கும் சிறைப்படுத்தப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் முகாமில் வைக்கப்பட்டனர். வீடுகளின் கதவுகள் அதனால் மூடப்படவில்லை.

உபாத்தியாயர்கள் சிறப்பாக அறிதற்குரியவர் தானியேல் துரொக்மே என்பவர். இவர் குருவாகிய துரொக்மேக்கு உறவினர். ஆசிரியத் தொழில் செய்தவர். அவ்வூரிலே பிள்ளைகளும் மாணாக்கரும் தங்கிய இரண்டு விடுதிகளை மேற்பார்த்து வந்தவர். 1943ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆந் திகதி ஜேர்மானிய இரகசியக் காவலர் ஒரு விடுதியைச் சூழ்ந்தபோது, இவர் மற்றை விடுதியில் இருந்தார். தப்பி ஓடுதற்கு வாய்ப்பிருந்தும் ஓடாது, பிடிபட்ட பதினெட்டு மாணாக்கரோடு தாமுஞ் சென்றார். 1944ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே போலந்து தேசத்து மைதானெக் முகாமில் இவர் உயிர் நீங்கியது. அப்பொழுது இவர்க்கு வயது முப்பத்துமூன்று.

அவ்வூராரும் அயற்கிராமத்தாரும் சேர்ந்து காத்த உயிர்கள் சில ஆயிரமாம். 1990ஆம் ஆண்டிலே எருசலேமிலுள்ள யாத் வாஷெம் தாபனம் அவர்கள் யாவரையும் ஒருங்கு சேர்த்துக் கௌரவித்தது.

இனி, இச்சரித்திரத்தாற் பெறப்படுவன யாவை என ஆராய்வோம்.

முதலாவது: நம் பெரியபுராணத்திலே, இளையான்குடிமாற நாயனார் மழையிரவில் வந்த அடியவருக்கு அமுதளித்தற்கு அன்று விதைத்த நெல்முளையையே வாரிக்கொண்டுவந்த வரலாற்றைப் படிப்பிக்கின்றோம். வாயிலில் நின்றவர்க்கு இல்லையென்னாத அந்த மனமே அப்பனிமலையிலும் விளங்கியது. ஒரு வேற்றுமையும் உண்டு. நாயனார் தம் சமயத்து அடியவரைக் கண்டு பணிந்தார். இவர்களோ வேற்றுச் சமயத்தாரை ஏற்றனர். எல்லா உயிர்களும் சிவபெருமானுக்குரிய அடிமைகள் என்பது சைவசித்தாந்தத் துணிபாதலின், வேற்றுச் சமயத்தார் செய்த இவ்வறத்தைப் புகழ்தல் நமக்குக் கடனாவதன்றிக் குறைவாகாது.

இரண்டாவது: பொய்ப் பத்திரஞ் செய்தல் குற்றமன்றோ என மாணாக்கர் வினாவுவர். அவ்வினாவை அடக்கிவிடலாகாது. திருவள்ளுவ நாயனார் வாய்மையை அளக்கும்போது, ஒரு சொல்லினாற் பிறர்க்கு விளையும் நன்மை தீமைகளையும் உடன்வைத்தே அளந்தார். கொலைஞனுக்கு வழிகாட்டும் மெய், உயிரைக் கொல்லுங் கருவியாய் விடும். ஆயினும், தன் நயங் கருதிச் சொல்லும் பொய்க்கு இதனை அரணாகக் கொள்ளுதல் பெருங்குற்றம் என்பதையும் உடன் உணர்த்துதல் வேண்டும்.

மூன்றாவது: துன்புற்ற சனங்கள் அத்துன்பத்தை இருவகையாக நினைத்தல் கூடும். பகையை வளர்த்தற்கு நினைத்தல் ஒன்று. பிறர் துன்பத்தை அறிதற்கு நினைத்தல் மற்றொன்று. லெ ஷாம்போனார் இரண்டாவது வகையினர். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கொழும்பிலும் பிறவிடங்களிலும் தமிழர் கொல்லப்பட்டதையும், வீடுகள் எரிக்கப்பட்டதையும் நம் பிள்ளைகள் அறிவர், அறிதல் வேண்டும். அந்நாட்களிலே சிங்கள அயலவர் பலர், தம் வீடும் எரியக்கூடுமென்று தெரிந்தும், தமிழரைத் தம் வீடுகளுள் ஒளித்துக் காத்தனர். முன்னதை மாத்திரஞ் சொல்லிப் பின்னதைச் சொல்லாது விடுதல் சரித்திரத்திற் பாதியை மறைத்தலாம். அங்ஙனம் படித்த பிள்ளை, நாளை தன் வாயிலில் வேற்றினத்தார் ஒருவர் நடுங்கி நிற்கும்போது கதவைத் திறப்பானென்று எங்ஙனம் நம்புவோம்?

நான்காவது: இத்தகையோரை மாணாக்கருக்குத் தெய்வப் பிறவிகளாகக் காட்டற்க. அங்ஙனங் காட்டின், இது நம்மால் இயலாது என்று பிள்ளைகள் அமைந்துவிடுவர். அவர்கள் உழுதவர், சமைத்தவர், படிப்பித்தவர். பெருஞ்செயலுக்கு வேண்டிய துணிவு ஒருநாளில் உண்டாவதன்று. பலரும் நகைக்கும் ஒரு பிள்ளையின் பக்கத்திற் சென்று அமர்தல், புதிதாய் வந்தவனோடு உணவைப் பகிர்தல், பிறர்மேற் சுமத்திய பொய்ப்பழியை மறுத்துரைத்தல் என்னுஞ் சிறு செயல்களே அதற்குப் பயிற்சியாம். இவற்றுக்குப் பாடசாலையினுஞ் சிறந்த இடமில்லை. துணிவோடு அறிவும் வேண்டும். நீந்த அறியாதவன் நீரில் வீழ்ந்தவனைக் காக்கக் குதித்தால் இருவரும் மாள்வர். கயிறெறிதலும் ஆளழைத்தலுமே அவனுக்குரிய அறம் என்று கற்பிக்க.

மாணாக்கரை வினாவுதற்குரியன:

1. லெ ஷாம்போனார் அகதிகளை ஏற்றதற்கு அவர் முன்னோர் வரலாறு எவ்வாறு துணையாயிற்று?
2. துரொக்மே பெயர்ப் பட்டி கொடுத்திருப்பின் விளைவது யாது?
3. தானியேல் துரொக்மே தப்பி ஓடியிருப்பின் அவரைக் குறைகூறுவோமா? ஓடாமையால் அம்மாணாக்கருக்கு அவர் அளித்தது யாது?
4. நும் வகுப்பிலே இன்று துணையின்றி இருப்பவர் யாவர்?

நான்காம் வினாவுக்கு விடையை வாயினாற் பெறுதல் வேண்டாம்; மாணாக்கர் நடக்கையினாலே பெறுக. உபாத்தியாயர் தாமும் அவ்விடையை முதலில் நடந்து காட்டுவாராயின், பாடம் நிறைவுறும். திருநீலகண்டப் பெருமானுடைய திருவருள் அதற்குத் துணைசெய்க.