சாக்கடைக் கசடு: வயலில் இடுமுன்

மதுரை நகரின் சாக்கடை நீரைப் பாய்ச்சி அவனியாபுரத்தில் தீவனப்புல் வளர்த்தது நாம் அறிந்ததே. அந்நீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடும் உரம்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் அதை உலர்த்தி, 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் மூட்டை போட்டு விற்கிறது.

கசடில் மணிச்சத்து நன்கு தங்கும், தழைச்சத்து ஓரளவு. சாம்பல்சத்தோ கரைந்து நீரோடு போய்விடும். ஆகவே கசடு இட்டாலும் பொட்டாஷைக் குறைக்கலாகாது.

அழகர்கோவில் பக்கத்து விவசாயிகள், லாரிக் கசடு இனாமாக வருகிறதென்று அப்படியே கொட்டிவிட வேண்டாம். உருண்டைப்புழுவின் முட்டைகள் அதில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வைக்கோல், சருகு கலந்து நீளக் குவியலாகப் போட்டு, உட்சூடு 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 15 நாள் இருக்க, அதற்குள் 5 முறை கிளறவேண்டும். சூடு ஏறாத குவியல், பார்வைக்கு மட்கியிருந்தாலும் ஆகாது.

இதைவிடக் கவலை, சாயப்பட்டறை, முலாம் பட்டறைக் கழிவு கலந்த கசடுதான். அதிலுள்ள காட்மியம், குரோமியம் மட்கினாலும் போகாது. ஒருமுறை நிலத்தில் ஏறினால் இறக்குவது வெகு கடினம். பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். காட்டாதவரிடம் இனாமாகவும் வாங்காதீர்கள்.

கீரை, வெள்ளரி, முள்ளங்கிக்கு இது வேண்டாம். மா, தென்னைக்குக் குழியில் இட்டு மண் மூடலாம்.