சோதனை வருமுன் செய்ய வேண்டியவை

தவக்காலத்தில் எதை விடலாம் என்று யோசிக்கும் அளவுக்கு, எங்கே வழுக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. திருவனந்தபுரத்தையே பாருங்கள். பட்டம் பேராலயத்தைச் சேர்ந்த மலங்கரைக் கத்தோலிக்கர் திங்கட்கிழமையே ஐம்பது நோன்பைத் தொடங்கிவிடுவார்கள். பாளையம் பேராலயத்தைச் சேர்ந்த லத்தீன் மரபினருக்கு இரண்டு நாள் கழித்து, சாம்பல் புதனன்று தொடக்கம். முன்னவர் மரபில் மீனும் முட்டையும் பாலும்கூட விலக்கு. லத்தீன் சட்டமோ, உணவு வகையைப் பொறுத்தவரை, 14 வயது நிறைந்தவர்களிடம் சாம்பல் புதனிலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி வேண்டாம் என்பதோடு நின்றுவிடுகிறது. வலியதுறையிலும் பூந்துறையிலும் நெய்மீன் குழம்போடு வெள்ளியைக் கடத்துவது பெரிய தவமா என்ன! சட்டம் நிறைவேறும், ஆசை அசையாது. ஆகவே முதல் வேலை, உங்களை உண்மையில் வீழ்த்துவது எது என்று கண்டுபிடிப்பதுதான். நேரம், இடம், கூட இருப்பவர் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். 'குடி' என்று எழுதினால் போதாது; 'சனிக்கிழமை சாயங்காலம், தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கையில், பழைய கூட்டாளி கூப்பிட்டால்' என்று எழுத வேண்டும். கைப்பேசிதான் வினை என்றால், விளக்கணைத்த பிறகா, வேலைக்கு நடுவிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதியதும், அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் உங்களுக்கும் நடுவே தூரத்தைக் கூட்டுங்கள். தம்பானூருக்குப் பதில் வேறு நிறுத்தத்தில் ஏறுங்கள். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். 'ஓடி ஒளிவது ஒரு வீரமா? நேரில் நின்று ஜெயிப்பதல்லவா விசுவாசம்?' என்று கேட்பவர்கள் உண்டு. உளவியலாளர் வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழு ஜெர்மனியில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுபவர்கள் அல்ல. மல்லுக்கட்ட வேண்டிய தருணங்களே அவர்களுக்குக் குறைவு. கேரள அரசுக்கும் இது தெரியும். மாதம் முதல் தேதி அரசின் பெவ்கோ மதுக்கடைகள் மூடிக்கிடப்பது, சம்பளம் முதலில் வீடு போய்ச் சேரட்டும் என்றுதானே? இயேசுவும் வேடிக்கை பார்க்கப் பாலைவனம் போகவில்லை, ஆவியானவர் அழைத்துச் சென்றார். தம் சீடர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த ஜெபமோ சோதனைக்குள் விழாதிருக்கத்தான் கேட்கச் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் விலகிப் போக முடியாது என்பதும் உண்மைதான். கோபமும் பொறாமையும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலை முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும். லத்தீன் மரபில் தவக்காலத்தின் முதல் ஞாயிறு வாசிக்கும் இயேசுவின் சோதனையைக் கவனியுங்கள்: மத்தேயு சொல்லும் மூன்று சோதனைகளுக்கும் இயேசு அங்கேயே நின்று புதிதாக வாதாடவில்லை, மூன்று பதில்களும் இணைச்சட்ட நூலிலிருந்து வந்தவை, ஏற்கெனவே நெஞ்சில் இருந்தவை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் இதையே முறையாக்கினார். தீய எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திருப்பிச் சொல்ல மறைநூல் வசனங்களைத் தொகுத்து ஒரு நூலே செய்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். முன்பு எழுதிய தாளிலேயே 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வரி போதும். 'மருமகள் பதில் பேசினால், வாய் திறக்குமுன் முற்றத்துக்குப் போய் ஒரு அருள் நிறை மரியே சொல்வேன்.' இப்படித் தூண்டுதலோடு செயலை முடிச்சுப் போட்ட தீர்மானம், வெறுமனே 'கோபப்பட மாட்டேன்' என்பதைவிட நிலைக்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் ஆதாரங்களோடு எழுதினார். இதெல்லாம் தந்திரம், அருளை நம்பாத வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். அருள் கேட்பவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தச் சபையும் போதிக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் சறுக்கும். ஆபத்து அந்தச் சறுக்கலில் இல்லை, 'போனது போச்சு, இனி என்ன' என்ற மறுநிமிட நினைப்பில் இருக்கிறது. 1975-ல் ஹெர்மன், மாக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்று எண்ணிய அவர்கள், பிறகு வைத்த ஐஸ்கிரீமை, மில்க்ஷேக் குடிக்காதவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஆகவே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் கடைசி வரியாக எழுதி வையுங்கள்: அடுத்த வேளையிலிருந்தே நோன்பு தொடரும், அந்த வாரமே ஒப்புரவுக்குப் போவேன். புனித வாரம் வரை காத்திருக்காதீர்கள். அப்போது வரிசையும் நீளமாக இருக்கும்.