வண்டி வேடிக்கையும் வண்ணத் தேர்வும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தோடு மேளச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். சேலத்து மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் அப்போது திருவிழா. அதில் ஒரு பகுதிதான் வண்டி வேடிக்கை. வெளியூரிலிருந்து வந்து படிக்கும் நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் தெய்வ வேடம் புனைந்து, அலங்கரித்த வண்டிகளில் நின்றபடி இரவில் வீதி வலம் வருவார்கள். அந்நாளில் மாட்டு வண்டி. இந்நாளில் லாரியும் டிராக்டரும். புராணக் காட்சி ஒன்றை அப்படியே வண்டிமேல் நிறுத்திவிடுவார்கள். குகைப் பகுதியில் நடைபெறுவது மிகவும் பெயர் பெற்றது. நம் கல்லூரி விழாவிலும் மாறுவேடப் போட்டி வைக்கிறோம்; அங்கே வேடம் சரியாக அமையாவிட்டால் நான்கு பேர் சிரிப்பார்கள், அத்தோடு போயிற்று. இங்கே வேடம் என்பது வேண்டுதல்.

சென்ற ஆண்டு என் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. குணமானால் மீனாட்சி வேடம் கட்டி வண்டியில் நிறுத்துகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார். எங்கள் தெருவார் அந்த ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணத்தையே காட்சியாக வைத்தார்கள். மீனாட்சி, சுந்தரேசுவரர், தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால் என மூவர். மீனாட்சிக்குப் பச்சை என்பது ஊரறிந்தது. என் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. தம்பியின் சேலைக்கான பட்டு நூலுக்குத் தம் கையாலேயே கரும்பச்சைச் சாயம் போட்டார். முகத்துக்கும் பச்சைப் பூச்சு. பகலில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

இரவு வண்டி புறப்பட்டது. வாடகைக்கு எடுத்த எல்.இ.டி. விளக்குகள் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரிந்தன. கோயிலருகே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டு, "ஏங்கண்ணு, இது காளியா வர்றாளா?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. வேண்டுதல் நிறைவேறவில்லை என்றே அவர் மனத்தில் பட்டுவிட்டது. அடுத்த ஆண்டும் தம்பியை நிறுத்துவதாக மறுநாளே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். சாயம் சரியில்லையோ என்று அப்பா பல நாள் தமக்குள்ளேயே புழுங்கினார்.

விடை எனக்குக் கிடைத்தது நம் ஆய்வகத்து இருட்டறையில். நிறமாலைமானியை வைத்துக்கொண்டு சோடியம் ஆவி விளக்கின் முன் நாம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்! 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்னும் இரண்டு அலைநீளங்கள் மட்டுமே அதில் சிறப்பாக உண்டு. செய்முறை ஏட்டில் 5893 என்று எழுதிவிடுகிறோம். ஒரு நாள் அளவீடு எடுக்கும்போது பக்கத்திலிருந்த நண்பரின் சட்டையைக் கறுப்பு என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் அது நல்ல நீலம். அந்தக் கணத்தில் பாட்டியின் குரல் காதில் ஒலித்தது.

பொருளின் நிறம் என்று நாம் சொல்வது அது திருப்பி அனுப்பும் ஒளியைத்தான். நியூட்டன் 1666 வாக்கில் முப்பட்டகத்தால் வெண்ணொளியைப் பிரித்துக் காட்டியதைப் பள்ளியிலேயே படித்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். பச்சைச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். விளக்கில் சிவப்பைத் தவிர வேறு இல்லையென்றால் திருப்பி அனுப்ப அதனிடம் என்ன இருக்கிறது? மீனாட்சி காளியானது இப்படித்தான். இதைப் படித்த நானே அந்த வண்டியின் பின்னால் ஒன்றும் புரியாமல் நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு ஆனி மாதமே அப்பாவிடம் கேட்டுப் பன்னிரண்டு நூல் சிட்டங்கள் வாங்கினேன். வெள்ளை, மஞ்சள், கிளிப்பச்சை, கரும்பச்சை, அரக்கு, நீலம் என ஒவ்வொன்றிலும் இரண்டு. இருட்டில் சீட்டைப் படிக்க முடியாதாகையால் ஒவ்வொன்றிலும் முடிச்சுகள் போட்டு அடையாளம் வைத்தேன். ஆசிரியரின் அனுமதியோடு முதலில் சோடியம் விளக்கில் பார்த்தேன். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. கிளிப்பச்சை மங்கிய மஞ்சளாக நின்றது. கரும்பச்சை, நீலம், அரக்கு மூன்றும் கறுப்பு.

வண்டியில் சோடியம் விளக்கு வைக்கப்போவதில்லை அல்லவா? ஆகவே வாடகை விளக்குகளில் நான்கை ஒரு நாள் இரவு மட்டும் கேட்டு வாங்கி, மொட்டை மாடியில் வைத்துச் சோதித்தோம். தெருக்கோடியில் நின்று என் தங்கை தனக்குத் தெரிந்த நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், நான் எழுதிக்கொள்வேன். பாதித் தெரு விழித்துக்கொண்டது என்பது வேறு கதை. சிவப்பு விளக்கைப் போட்டு, கரும்பச்சைச் சிட்டத்தைத் தூக்கி அப்பாவிடம் காட்டி, என்ன நிறம் என்று கேட்டேன். முப்பது ஆண்டுகளாகச் சாயத்தொட்டியில் கைவைத்தவர் அவர். "கறுப்பு" என்றார். வெள்ளை விளக்கைப் போட்டேன். சற்று நேரம் சிட்டத்தையே பார்த்திருந்துவிட்டு, "அப்போ நான் போட்ட சாயம் எங்கடா போச்சு?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். படித்ததை அப்பாவுக்குச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அவரும் எனக்கு ஒன்று சொன்னார். சாயத்தை ஒத்துப்பார்க்க வேண்டுமானால் பட்டறைக்குள் பார்க்காமல், வாசலுக்குக் கொண்டுவந்து காலை வெளிச்சத்தில்தான் பார்ப்பார்களாம். வாசலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிட்டங்கள் குழல் விளக்கில் வேறாகத் தெரிவதும் உண்டாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பெயர் தெரியாமலே பட்டறைக்காரர்கள் அதற்குத் தப்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

அருகருகே வைக்கும் நிறங்களும் ஒன்றையொன்று மாற்றும். பாரிசிலுள்ள கோபலின் நெசவுச்சாலையில் சாயப்பிரிவுக்கு 1824 முதல் தலைவராக இருந்த செவ்ரல் என்னும் வேதியியலாரிடம், கறுப்பு நூல் சோபையற்றிருக்கிறது என்று முறையிட்டார்களாம். அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குற்றமில்லை; பக்கத்தில் வைத்த நீலமும் ஊதாவும் கறுப்பைக் கெடுத்திருந்தன. 1839-இல் இதைப் பெருநூலாகவே எழுதினார். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு நின்றால் இரண்டும் எடுப்பாகத் தெரியும் என்பது இதிலிருந்து கிடைப்பது. பச்சைச் சேலைக்கு அரக்குக் கரை வைக்கும் எங்கள் நெசவாளர்களுக்குச் செவ்ரல் தேவைப்படவில்லை!

இன்னொன்று நம் கண். நல்ல வெளிச்சத்தில் 5550 ஆங்ஸ்ட்ராம் அருகிலுள்ள ஒளியே கண்ணுக்கு மிகப் பிரகாசமானது. வெளிச்சம் மிகக் குறைந்தால் அந்த இடம் 5070-க்கு நகர்கிறது. ஆகவே மங்கலில் சிவப்புதான் முதலில் இருண்டுபோகும். பர்க்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னார். வண்டி தொலைவில் வரும்போது அரக்கு கறுப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வெள்ளை எல்.இ.டி.யிலும் ஒரு குறை உண்டு. அது பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசிச் செய்வது. ஆழ்ந்த சிவப்பு அதில் குறைவு. நீல எல்.இ.டி.யைக் கண்டவர்களுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அரக்குக்கு அவர்கள் உதவவில்லை.

இவற்றையெல்லாம் வைத்து ஒரு வண்ணத் திட்டம் எழுதித் தெருக்கூட்டத்தில் படித்தேன். மீனாட்சிக்குக் கரும்பச்சை வேண்டாம். மஞ்சள் கலந்த கிளிப்பச்சை. அரக்குக் கரை விரலளவு போதும்; அதற்கும் பச்சைக்கும் நடுவே சரிகைக் கோடு. சுந்தரேசுவரருக்கு வெண்பட்டு வேட்டி. திருமாலுக்கு வெளிர் நீலம். முகங்களின்மேல் வெள்ளை விளக்கு மட்டுமே விழ வேண்டும். அதுவரை பேசாதிருந்த பக்கத்து வீட்டு மாமா எழுந்து, "கலர் லைட்டு இல்லாம வண்டியா? மத்த தெருக்காரன் சிரிப்பான்" என்றார். கூட்டமும் அவர் பக்கம்தான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளுக்கு மாறும் விளக்குதானே வேடிக்கை? என்ன செய்வது என்று திகைத்தபோது அப்பாதான் வழி சொன்னார். பின்னால் வெள்ளைத் துணியை நீளமாகத் தொங்கவிட்டு, கலர் விளக்கையெல்லாம் அதன்மேல் விழச்செய்யலாம் என்றார். வெள்ளை எந்த ஒளியையும் திருப்பி அனுப்பும்; எனக்கு ஏன் தோன்றவில்லை?

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. திருமாலின் வெளிர் நீலம் தொலைவில் சாம்பலாகத் தெரிந்தது. அதை மாடியில் சோதிக்காமல் விட்டது என் பிழை. நடுவழியில் ஜெனரேட்டர் நின்று கால் மணி நேரம் இருட்டில் கிடந்தோம். பரிசு வேறு தெருவுக்குப் போயிற்று; அவர்கள் வண்டி எங்களுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வண்டி கோயிலை நெருங்கியபோது அம்மா கூட்டத்தில் முன்வரிசைக்கு வந்து, தம்பியைப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "மீனாட்சி" என்று ஒரு சிறுமி சொன்னதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பன்னிரண்டு சிட்டங்களும் இப்போது தறிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகின்றன. நீலத்துக்கு எந்தச் சாயம், எந்த விளக்கு என்று அப்பாவும் நானும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.