கெய்சர் எலிமென்ட்டை 'டீபக்' செய்வோம்

கம்ப்யூட்டர் இதழில் கெய்சருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உங்கள் கம்ப்யூட்டரும் கெய்சரும் ஒரே மெயின் போர்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. கெய்சரில் கோளாறு என்றால் கம்ப்யூட்டரும் திடீரென்று அணைந்துபோகலாம். இரண்டு, புரோகிராமில் பிழை தேடும் அதே முறையில்தான் கெய்சரிலும் பிழை தேட வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றாமல், ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

திருச்சி புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்ததையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கெய்சர் சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் வீடு முழுவதும் மின்சாரம் போகும். டைப் செய்துகொண்டிருந்த ஃபைலும் சேர்ந்து போகும். பார்க்க வந்தவர், "டேங்க்கையே மாத்திடுங்க சார். அதுவரைக்கும் ஆர்.சி.சி.பி.யைக் கழட்டிட்டு நேரா லைன் குடுத்துடலாம்" என்றார். முதல் யோசனை பணத்துக்குக் கேடு. இரண்டாவது உயிருக்கே கேடு. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கெய்சருக்குள் என்ன இருக்கிறது?

டேங்க்கினுள் இருக்கும் எலிமென்ட் ஒரு உலோகக் குழாய். அதன் நடுவே நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி சுருளாக ஓடுகிறது. (இந்த வகைக் கலவைக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் காப்புரிமை பெற்றார்.) கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். இது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. எலிமென்ட்டுக்கு முன்னால் தெர்மோஸ்டாட்டும், அது வேலை செய்யாவிட்டால் காப்பாற்ற தெர்மல் கட்-அவுட்டும் இருக்கும்.

எவ்வளவு ஓம் காட்ட வேண்டும்?

ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இங்கே போதும். கெய்சர் லேபிளில் உள்ள வாட்ஸைப் பாருங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி, வாட்ஸால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

2000 வாட்ஸ்: சுமார் 26 ஓம், 8.7 ஆம்பியர்
3000 வாட்ஸ்: சுமார் 18 ஓம், 13 ஆம்பியர்

இந்த ஆம்பியரைப் பார்த்தாலே 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டில் கெய்சரைச் செருகக் கூடாது என்பது புரியும். 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் கெய்சரை இணைக்கவே கூடாது.

அறிகுறியைப் படியுங்கள்

1. விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை: பல மாடல்களில் ஹீட்டிங் விளக்கு எலிமென்ட்டுக்கு இணையாக இருக்கும். அது எரிந்தால் மின்சாரம் எலிமென்ட் வரை வந்துவிட்டது என்று பொருள். எலிமென்ட் கம்பி அறுந்திருக்கலாம்.

2. விளக்கும் எரியவில்லை: முதலில் எம்.சி.பி., சுவிட்ச், பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். அடுத்து கட்-அவுட், அதற்கடுத்து தெர்மோஸ்டாட். எலிமென்ட் மேல் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

3. சூடாக நெடுநேரம் ஆகிறது: வோல்டேஜைப் பாருங்கள். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்ஸ் எலிமென்ட்டுக்குச் சுமார் 29 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே எலிமென்ட் ஏறத்தாழ 1225 வாட்ஸ்தான் தரும். நேரம் 47 நிமிடமாகிவிடும். இது எலிமென்ட்டின் குற்றமல்ல.

4. ஆர்.சி.சி.பி. விழுகிறது: மின்சாரம் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. எங்கள் வீட்டுக் கேஸ் இதுதான்.

மல்டிமீட்டர் சோதனை

தொடங்கும் முன் மெயினை நிறுத்துங்கள். கெய்சர் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. அது ஒரு ஒயரை மட்டும்தான் துண்டிக்கிறது. ஒயரிங் மாறியிருந்தால் உள்ளே ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். பிளக்கையும் பிடுங்குங்கள். தண்ணீர் ஆறட்டும். கை, தரை இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும்.

மூடியைத் திறந்ததும், எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எலிமென்ட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒயர்களைக் கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் விளக்கு போன்ற மற்ற பாகங்களும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சோதனை 1: மீட்டரை 200 ஓமில் வையுங்கள். இரு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். கணக்கிட்ட ஓமுக்கு அருகில் வந்தால் கம்பி நன்றாக இருக்கிறது. இடது ஓரத்தில் 1 மட்டும் காட்டினால் (சில மீட்டர்களில் 'ஓ.எல்.') கம்பி அறுந்துவிட்டது.

சோதனை 2: மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவுக்கு மாறுங்கள். ஒரு முள்ளை எலிமென்ட் முனையிலும், மற்றொன்றை அதன் உலோகத் தட்டிலும் வையுங்கள். இங்கே 1 அல்லது 'ஓ.எல்.' வந்தால் நல்லது. ஏதாவது எண் வந்தால் கசிவு இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதல் சோதனையில் 27 ஓம் வந்தது. கம்பியில் குறையில்லை. இரண்டாவது சோதனையில் 4 கிலோ ஓம் காட்டியது! 230-ஐ 4000-ஆல் வகுத்தால் 57 மில்லி ஆம்பியர். வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்குள் விழ வேண்டியது. அது தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதைக் கழற்றியிருந்தால் அந்தக் கசிவு குளிப்பவர் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம். எலிமென்ட்டையும் ரப்பர் கேஸ்கெட்டையும் மட்டும் மாற்றினோம். டேங்க் அப்படியே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: மல்டிமீட்டர் சிறிய பேட்டரியில் சோதிக்கிறது. 230 வோல்ட்டில் மட்டும் வெளிப்படும் கசிவு அதில் தெரியாமல் போகலாம். மீட்டர் சரி என்று சொல்லியும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கரால் சோதிக்கச் சொல்லுங்கள்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

போர் தண்ணீர் உப்பாக இருந்தால், சூடாகும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து எலிமென்ட் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். வெப்பம் வெளியேற வழியின்றி குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி விரிசல் விடும். விரிசல் வழியே ஈரம் தூளுக்குள் இறங்கும். கசிவு ஆரம்பமாகும். கெய்சரில் கொதிக்கும் கெட்டில் மாதிரி இரைச்சல் கேட்டால் பொருக்கு சேர்ந்துவிட்டது என்று அறியலாம். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். மெக்னீசியம் ஆனோடு கம்பி கரைந்துவிட்டதா என்பதையும் அப்போதே பாருங்கள். தான் கரைந்து டேங்க்கைத் துருவிலிருந்து காப்பது அதுதான்.

எலிமென்ட் மாற்றிய பிறகு, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டும் வரை சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீர் இல்லாத டேங்க்கில் புதிய எலிமென்ட் சீக்கிரமே கருகிவிடும். கட்-அவுட் அடிக்கடி விழுந்தால் அதைத் தாண்டி ஒயர் போடவும் கூடாது.

கம்ப்யூட்டர் சொல்லும் ரகசியம்

சி.பி.யு. பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியில் சுமார் 115 வோல்ட் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது.

ஆனால் அது ஒரு முன்னறிவிப்பு. மேஜையருகே எர்த் இல்லையென்றால் குளியலறையிலும் இல்லாமல் இருக்கலாம். அங்கே கசியும் எலிமென்ட்டை அடக்க எதுவும் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து, கெய்சர் பாயிண்ட்டில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய சமமாகவும், மூன்றாவது ஓரிரு வோல்ட்டாகவும் இருக்க வேண்டும். எர்த் நிஜமாகவே மின்னோட்டத்தைத் தாங்குகிறதா என்பதையும் சோதித்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். அழுத்துவதற்கு முன் உங்கள் ஃபைலை சேவ் செய்து, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள்!