உயிரணுவின் உற்பத்திச் சாலையும் நீரிழிவு நோயும்

உடலில் நடைபெறும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்களே. உயிரணுவிலுள்ள ரைபோசோம்களில் அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, நீண்ட சங்கிலியாக வெளிவருகின்றன. சங்கிலி நிலையில் புரதத்தால் பயனில்லை. தனக்குரிய வடிவில் மடிந்த பின்னரே அது வேலை செய்யும். இம்மடிப்புக்கு வேண்டிய செய்தி அமினோ அமில வரிசையிலேயே அடங்கியுள்ளது என்று காட்டிய அமெரிக்க அறிவியலார் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென், 1972-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதைச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியோரும் 1963-இலேயே வரைபடமாக்கியிருந்தனர்.

வரிசை சரியாக இருந்தாலும், நெரிசல் மிக்க உயிரணுவுக்குள் மடிப்பு எப்போதும் சரியாக அமைவதில்லை. தவறாக மடிந்த புரதம் வேலை செய்யாது என்பதோடு, பிற புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றையும் கெடுக்கக் கூடும். உயிரணு இதை எவ்வாறு சமாளிக்கிறது, சமாளிக்க இயலாதபோது என்ன நேர்கிறது என்பதற்குக் கணையத்தின் பீட்டா அணுக்கள் தெளிவான சான்றாகும்.

உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது, ஒரு பீட்டா அணு நிமிடத்திற்குப் பத்து லட்சம் வரை இன்சுலின் முன்மூலக்கூறுகளை உருவாக்குகிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவை எண்டோபிளாச வலை என்னும் உள்ளறையில் மடிகின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கந்தகப் பிணைப்புகள் உரிய இடத்தில் அமைய வேண்டும். எந்தத் தொழிற்சாலையிலும், உற்பத்தி வேகம் கூடக் கூடப் பழுதான சரக்கும் கூடும், இங்கும் அப்படியே.

பழுதான சரக்கு தேங்கினால் அச்செய்தி உட்கருவுக்கு எட்டியாக வேண்டும். அதைக் கொண்டு செல்லும் ஐ.ஆர்.இ.1 என்ற உணர்வியை, பீட்டர் வால்ட்டரின் குழுவினரும், அந்நாளில் டெக்சாசில் பணிபுரிந்த கசுடோஷி மோரி முதலானோரும் 1993-இல் ஈஸ்ட்டில் தனித்தனியே கண்டறிந்தனர். மோரி, வால்ட்டர் இருவருக்கும் 2014-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. மனித உயிரணுவில் இதனுடன் பெர்க், ஏ.டி.எஃப்.6 என்ற மேலும் இரண்டு உணர்விகள் உள்ளன.

இவை எடுக்கும் நடவடிக்கைகள் திறமையான நிர்வாகி ஒருவரின் நடவடிக்கைகளை ஒத்தவை. பெர்க் புதிய புரத உற்பத்தியைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. மற்ற இரண்டும், மடிப்புக்குத் துணைபுரியும் புரதங்களைப் பெருக்கி, உள்ளறையையே விரிவாக்குகின்றன. திருத்த இயலாதவை வெளியே தள்ளப்பட்டு, யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் முத்திரையிடப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. இம்முத்திரை முறையைக் கண்டறிந்தமைக்காக 2004-இல் மூவர் நோபெல் பரிசு பெற்றனர். நெருக்கடி நீடித்தால், காக்க வந்த அதே ஏற்பாடு உயிரணுவைத் தன்னழிவுக்கு இட்டுச் செல்கிறது. ஓர் உயிரணுவை இழந்து திசுவைக் காப்பது பல உறுப்புகளில் சிக்கனமான முடிவாகலாம். ஆனால் வளர்ந்த மனிதரில் பீட்டா அணுக்கள் எளிதில் மீண்டும் பெருகுவதில்லை. அங்கு இது முதலையே இழப்பதாகும்.

இதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. ஜப்பானின் அகிடா நகரப் பெயரால் அறியப்படும் எலி வகையில், இன்சுலின் மரபணுப் பிரதிகள் நான்கில் ஒன்றே பழுதானது. கந்தகப் பிணைப்பு ஒன்று அதில் அமைவதில்லை. மூன்று பிரதிகள் நலமாயிருந்தும் எலிக்கு நீரிழிவு வருகிறது. எனவே இது வெறும் பற்றாக்குறை அன்று. பழுதான சரக்கு ஆலையையே முடக்குகிறது. தன்னழிவுக்குத் துணைபோகும் சாப் என்ற புரதத்தை இவ்வெலிகளில் நீக்கியபோது நோய் தள்ளிப்போயிற்று என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுபுறம், பெர்க் மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு தோன்றுவது 2000-இல் அறியப்பட்டது. உற்பத்தியைக் குறைக்கும் தடை இல்லாதபோதும் அணு அழிகிறது. தடை உள்ளபோதும் நெருக்கடி ஓயாவிடில் அழிகிறது.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இது ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும், உடற்பருமனால் இன்சுலின் உரியவாறு பயன்படாதபோது பீட்டா அணுக்கள் ஆண்டுக்கணக்கில் மிகை உற்பத்தி செய்ய நேர்கிறது. பிரிட்டனில் நடந்த நீண்டகால ஆய்வொன்றில், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே இவ்வணுக்களின் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. சிகிச்சை தொடங்கும்போது ஆலையின் பாதி போய்விட்டது என்பதே இதன் பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருந்தன. மருத்துவச் செலவைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் முதல் எண்ணையே கருத்தில் கொள்கின்றனர். பீட்டா அணுவின் நோக்கில் இரண்டாம் எண்ணே முக்கியமானது. காப்பாற்றத்தக்க அணுக்கள் அவர்களிடம்தான் மிகுதியாக உள்ளன. மடிப்புக்குத் துணைபுரியும் வேதிப்பொருள்கள் பருமனான எலிகளில் சர்க்கரையைக் குறைத்தன என 2006-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதே ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகளுக்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. முன்னிலையில் இருந்த 531 பேரை அது சுமார் மூன்றாண்டுகள் கண்காணித்தது. பொது அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். உணவையும் நடைப்பயிற்சியையும் சீராக்கியோரில் 39.3 விழுக்காட்டினரே ஆயினர். விலை மலிந்த மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறத்தாழ இதே பயனைத் தந்தது.