தறியும் இழையும்: கணினி தன் பணிகளைப் பங்கிடும் முறை

மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரே நெசவாளரிடம் மூன்று தறிகள் ஒப்படைக்கப்பட்டனவெனக் கொள்வோம். அவர் ஒரு தறியிற் சிறிது நெய்து, நிறுத்திய இடத்தைக் குறித்துவைத்து, மறு தறிக்குச் செல்வார். மீண்டு வந்ததும் குறித்த இடத்திலிருந்தே தொடர்வார். கணினியின் மையச் செயலி பல வேலைகளை ஆற்றும் விதமும் ஏறத்தாழ இதுவே. எத்தறிக்கு எப்போது செல்வதென விதிக்கும் மேற்பார்வையாளரே பணிசெயல் முறைமை.

வட்டிற் கிடக்கும் நிரல் இயக்கமற்ற ஓர் ஏடு. அதனை நினைவகத்தில் ஏற்றி இயக்கும்போது அது 'செயன்முறை' எனப்படும். ஒவ்வொரு செயன்முறைக்கும் தனி எண்ணும் தனி நினைவிடமும் உண்டு. ஒன்றின் நினைவிடத்தில் மற்றொன்று அனுமதியின்றிக் கைவைக்க முனைந்தால் முறைமை தடுத்துவிடும். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸிலும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கத் தொடங்கிய லினக்ஸிலும் ஒரு செயன்முறை தன்னையொத்த வேறொன்றைப் பிறப்பிக்கும். இதற்குப் 'போர்க்' என்று பெயர்.

ஒரு செயன்முறையினுள்ளேயே பல வேலைகள் ஒருங்கு நடைபெற வேண்டின் அவை 'இழைகள்' ஆகின்றன. நினைவிடம் அவற்றுக்குப் பொது. தான் நிற்கும் கட்டளையும் தன் இடைக்கணக்கும் மட்டுமே ஒவ்வோர் இழைக்கும் தனியுடைமை. ஆதலின் இழைகளை ஆக்குதல் எளிது. ஆயின் ஓரிழையின் பெரும்பிழை செயன்முறை முழுவதையும் வீழ்த்திவிடக்கூடும்.

இயங்குதல், முறைக்காக ஆயத்தமாய் நிற்றல், வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ தரவு வரும்வரை காத்திருத்தல் என இவற்றின் நிலைகள் மூன்று. சில மில்லிசெக்கனுக்கொருமுறை கடிகாரம் குறுக்கிட, முறைமை இயங்குவதை நிறுத்தி, அதன் நிலையைச் சேமித்து, அடுத்ததற்கு வழிவிடுகிறது. மாற்றம் விரைவாதலின் எல்லாம் ஒருங்கே நிகழ்வதாக நமக்குத் தோன்றுகிறது. செயலியிற் பல கருக்கள் இருப்பின் சில வேலைகள் மெய்யாகவே ஒருங்கு நிகழும்.

இவற்றைக் கற்பதனால் ஆவதென்னவென மாணவர் வினவலாம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை உட்பட நம் கீழ்க்கரையைச் சூறையாடிற்று. அடுத்த சில நாள்களிலேயே இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வலராய்க் கூடிச் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கலாயினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவதே அதன் பணி. அது பயன்படுத்திய மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒரு செயன்முறை. வந்துசேரும் இணைப்பு ஒவ்வொன்றையும் அதனுள் ஓர் இழை கவனிக்கும்.

இத்தகைய பதிவேடுகளில் நேரக்கூடிய இடரை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஒரு களஞ்சியத்தில் அரிசிப் பொதிகள் 100 உள. இரு மேசைகளிலிருந்து இருவர் ஒரே கணத்தில் இருப்பைப் பார்க்கின்றனர். இருவருக்கும் 100 எனவே தெரிகிறது. ஒருவர் 10 வழங்கி 90 என எழுதுகிறார். மற்றவர் 20 வழங்கி 80 என அதன்மேல் எழுதுகிறார். ஏட்டில் 80, களஞ்சியத்தில் 70. இல்லாத பத்துப் பொதிகளை நம்பி வருவோர் வெறுங்கையுடன் திரும்புவர்.

இதற்கு மருந்து 'பூட்டு'. ஒருவர் இருப்பைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருத்தல் வேண்டும். பூட்டிலும் ஓர் இடர் உண்டு: அரிசியைப் பூட்டியவர் பருப்புக்காகவும், பருப்பைப் பூட்டியவர் அரிசிக்காகவும் காத்திருப்பின் இருவரும் என்றும் நகரார். எல்லோரும் முதலில் அரிசியையும் பின்னர்ப் பருப்பையும் பூட்டுக என ஒரே வரிசையை விதித்தால் இச்சிக்கல் எழாது.

பொதுப்பொருளைக் கையாள்வோர் முறையறிந்து காத்திருத்தல் வேண்டுமென்பது நம் கல்லூரி விடுதியிலே நாம் பயின்ற பாடம். கணினிக்கும் அதனையே கற்பிக்கின்றோம். நிரலெழுதப் புகும் இளைஞர் இதனை மனத்திற் கொள்க; அவர்கள் எழுதும் ஓர் எண்ணின் பின்னே ஒரு குடும்பம் வரிசையில் நிற்கக்கூடும்.